உப்பளத்து வரப்பில் வர்க்கக் கோட்பாடுகள்

செல்வம் சிலரிடம் குவிவதும் பலர் வறுமையில் உழல்வதும் ஏன் என்ற வினாவுக்குச் சமூகவியல் அறிஞர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வருகின்றனர். விடைகள் பல, அவற்றுள் ஒன்றையொன்று மறுப்பனவும் பல. நம் நாட்டைப் பொறுத்தவரை இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட பொருளியல் அறிஞர் நால்வர் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-இல் இந்திய மக்களுள் உச்சியிலுள்ள நூற்றுக்கு ஒருவர் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காட்டையும் மொத்தச் செல்வத்தில் 40.1 விழுக்காட்டையும் தம் கையில் வைத்திருந்தனர். நூறு பேர் அமர்ந்த பந்தியில் நாற்பது இலைகளின் சோறு ஒருவர் இலையில் விழுந்தது என்று இதற்குப் பொருள்.

ஒரு கோட்பாட்டை மதிப்பிட இரு வழிகள் உண்டு. அதனை மற்றொரு கோட்பாட்டோடு ஒப்பிட்டு அதன் தருக்கத்தைச் சோதிப்பது ஒன்று. அது யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர் வேலை செய்யும் இடத்துக்கே அதனை எடுத்துச் சென்று, அவருடைய வாழ்வு அதில் அடங்குகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. கல்லூரிகளும் குருத்துவக் கல்லூரிகளும் முதல் வழியைக் கற்பிக்கின்றன. இக்கட்டுரை இரண்டாம் வழியில் செல்ல முயல்கிறது. செல்லும் இடம் மரக்காணத்து உப்பளம்.

அளமும் அதன் கணக்கும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்தபின், சாலையின் இருமருங்கும் கண்ணைக் கூசவைக்கும் வெண்குவியல்களைக் கண்டு மரக்காணம் வந்துவிட்டதென அறிவர். ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு அருகில் உள்ளது. இவ்வூரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 ஏக்கரில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன.

தொழில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் முடிவு. சங்கப் பாடல்களில் உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குச் செல்கின்றனர்; நெல்லுக்கு நேர் அளவாக உப்பைக் கொடுத்து மாற்றிக்கொள்கின்றனர். ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல் கிடைத்த நாடு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

உப்பு தானே விளைவதென்று நகரத்தார் எண்ணுவர். அப்படியன்று. தை பிறந்ததும் மழைநீர் வற்றிய பாத்திகளில் சேற்றை அள்ளி, தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கழிநீரையோ நிலத்தடி உவர்நீரையோ ஏற்றி, ஒரு பரப்பிலிருந்து மறு பரப்புக்கு மாற்றி மாற்றி, வெயிலில் அதன் செறிவைக் கூட்ட வேண்டும். ஏறக்குறைய 3 போமே பாகையிலுள்ள கடல்நீர் 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு மணி கட்டும். 29 பாகையை நெருங்கினால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும்; தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். கருவி கொண்டு அளப்போரும் உண்டு. நீரின் நிறத்தையும் விரலில் ஒட்டும் பதத்தையும் பார்த்தே சொல்லிவிடும் அளத்துத் தொழிலாளரும் உண்டு. பிறகு விடியலுக்கு முன் பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி, கூடையில் சுமந்து மேட்டில் குவிக்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை வெயில் எவ்வளவு கொடியதோ அவ்வளவு நல்ல விளைச்சல். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். மார்கழி வரை அளத்தில் வேலை இல்லை. காலில் வெடிப்பும் கண்ணில் எரிச்சலும் மட்டும் ஆண்டு முழுவதும் உடன் இருக்கும்.

இனி கோட்பாடுகளை ஒவ்வொன்றாக இவ்வரப்பில் நிறுத்திப் பார்ப்போம்.

தேவைக்கேற்ற வெகுமதியா?

1945-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் ஆகிய இருவரும் ஏற்றத்தாழ்வுக்கு ஒரு நியாயம் கூறினர். சமூகத்துக்கு மிகத் தேவையான, அரிய பயிற்சியை வேண்டும் பணிகளுக்குத் தகுதியானோரை ஈர்ப்பதற்காகவே உயர்ந்த வெகுமதி அளிக்கப்படுகிறது. ஆகவே ஏற்றத்தாழ்வு சமூகம் இயங்க உதவும் ஓர் ஏற்பாடு என்பது அவர்கள் வாதம். இதைப் படிக்காதவர்களும் இதையே நம்புகிறார்கள். "படித்தான், சம்பாதிக்கிறான், இவன் படிக்கவில்லை, உப்பு வாருகிறான்" என்று திருமண வீட்டுத் திண்ணையில் பேசப்படுவது டேவிஸும் மூரும் சொன்னதன் தமிழாக்கமே.

உப்பைவிடச் சமூகத்துக்குத் தேவையான பொருள் எது? அரிசி உண்பவனுக்கும் கோதுமை உண்பவனுக்கும், செல்வனுக்கும் இரவலனுக்கும் ஒரே அளவில் வேண்டியது அது ஒன்றே. தேவையே வெகுமதியை முடிவு செய்யுமானால் உப்பு வாருபவர் மாடியில் வாழ வேண்டும். பயிற்சி அரிது என்னும் இரண்டாம் நிபந்தனையாவது பொருந்துமா? நீரின் பதம் அறியும் திறமை ஆண்டுக்கணக்கில் பெறும் பயிற்சியாலன்றி வாராது. ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத திறமையைச் சந்தை திறமையென்று எண்ணுவதில்லை. மெல்வின் டியூமின் 1953-இலேயே இக்கோட்பாட்டை மறுத்தெழுதினார். வெகுமதி பெறுவோரின் பிள்ளைகளுக்கே பயிற்சி பெறும் வாய்ப்பும் கிடைக்கிறது. எனவே ஏற்றத்தாழ்வு திறமையைக் கண்டுபிடிப்பதில்லை, மறைக்கிறது என்றார். அளத்து வரப்பில் நின்று பார்த்தால் டியூமின் பக்கமே வழக்கு தீர்கிறது.

காலம் ஆற்றும் புண்ணா?

இரண்டாவது கோட்பாடு பொறுமையை உபதேசிக்கிறது. 1955-இல் சைமன் குஸ்நெட்ஸ் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு நாடு வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு மாறும்போது முதலில் ஏற்றத்தாழ்வு கூடும். பின்னர் தானே குறையும். அதற்கு ஓராண்டு முன்னர் ஆர்தர் லூயிஸ், மரபுத் தொழில்களில் மிகுந்திருக்கும் உழைப்பாளர் நவீனத் துறைக்குப் பெயர்ந்து முடியும்வரை கூலி உயராது, முடிந்தபின் உயரும் என்றார். இருவரும் நேர்மையான அறிஞர்கள். தம் முடிவில் சான்று சிறிதே, ஊகமே பெரும்பகுதி என்று குஸ்நெட்ஸ் தாமே எழுதிவைத்தார். அவருடைய எச்சரிக்கையை மறந்து முடிவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பின்வந்தோர்.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. பிக்கெட்டியும் லூகா சான்செலும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, உச்சியிலுள்ள நூற்றில் ஒருவரின் வருமானப் பங்கு 1930-களின் இறுதியில் 21 விழுக்காட்டளவில் இருந்து, 1980-களின் தொடக்கத்தில் 6 விழுக்காட்டளவுக்கு இறங்கி, பின்னர் மீண்டும் 22 விழுக்காட்டை எட்டியதைக் காட்டியது. குஸ்நெட்ஸ் மலையை வரைந்தார்; இந்தியாவில் நாம் காண்பது பள்ளத்தாக்கு. ஏறுவதும் இறங்குவதும் காலத்தின் செயலல்ல, அரசுகள் எடுத்த முடிவுகளின் விளைவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லூயிஸ் சொன்ன பெயர்ச்சியோ உண்மையாகவே நடக்கிறது. அளத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகின்றனர். ஆனால் அவர்களுள் பலர் போய்ச் சேருமிடம் நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள நவீனத் துறையன்று. கட்டுமானமும் ஒப்பந்தக் கூலியுமே. அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான தேசிய ஆணையம் 2007-இல் அளித்த அறிக்கை, நாட்டின் உழைப்பாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலானோர் பணிப் பாதுகாப்பற்றவர் என்றது. 2004-05-இல் மக்களுள் 77 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 20 ரூபாய்க்குள் செலவிட்டு வாழ்ந்தனர் என்றும் கூறியது. ஒரு நிச்சயமின்மையிலிருந்து மற்றொரு நிச்சயமின்மைக்குப் போவதை வளர்ச்சியென்று பெயரிட்டழைப்பது எங்ஙனம்?

முதலாளி யார்?

இப்போது மார்க்ஸிடம் வருவோம். கத்தோலிக்கர் பலர் அவரைப் படிக்காமலே மறுத்தனர். மற்றும் சிலர் படிக்காமலே ஏற்றனர். உற்பத்திச் சாதனம் யாருடையதோ அவர் ஒரு வர்க்கம்; உழைப்பைத் தவிர விற்க ஏதுமில்லாதவர் மறு வர்க்கம் என்னும் அவர் பகுப்பின் கூர்மையை மறுப்பதற்கில்லை. கூலி குறைவாக இருப்பது தொழிலாளியின் சோம்பலால் அன்று, உடைமை உறவால் என்று காட்டியது அவர் செய்த பேருதவி.

ஆயினும் மரக்காணத்தில் உற்பத்திச் சாதனம் யாருடையது? நிலத்தின் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். அவருக்கு முன்பணம் தந்து உப்பை வாங்கிக்கொள்ளும் வணிகர் வேறொருவர். குத்தகைதாரருள்ளும் பரந்த அளம் உடையவரும் உண்டு. தாமும் மனைவி மக்களும் இறங்கி உழைத்து, ஆள் பற்றாதபோது கூலிக்கு நால்வரை அழைக்கும் சிறியவரும் உண்டு. மே தினக் கூட்டமொன்றில் நான் வர்க்கம் பற்றிப் பேசி முடித்தபோது அத்தகைய சிறு அளக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சாமி, வெயில் காயுற வரைக்கும் நான் முதலாளி. மழை பேஞ்சா நானும் கூலிக்காரன். உங்க கணக்குல என்னை எந்தப் பக்கம் எழுதுவீங்க?" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் வினாவை மார்க்ஸின் பகுப்பு முழுதாக ஏற்க இயலாது. அவ்வினாவில் வர்க்கத்தைப் பிரிக்கும் கோடு உடைமை அன்று, மழை. ஒரே மனிதர் ஓராண்டுக்குள் அக்கோட்டின் இருபுறமும் நிற்கிறார்.

மாக்ஸ் வேபர் இங்கே நமக்குச் சற்று நெருங்கி வருகிறார். வர்க்கம் என்பது சந்தையில் ஒருவருக்குள்ள நிலை. அந்நிலை தரும் வாழ்க்கை வாய்ப்புகளே முக்கியம் என்பது அவர் கருத்து. அளத்தில் அதை நேராகவே காணலாம். வெயில் காலத்தில் எங்கும் உப்பு, விலை இறங்கும். மழைக்காலத்தில் புது உப்பு இல்லை, விலை ஏறும். குவியலைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூடி, பாதுகாப்பான இடத்தில் மூன்று மாதம் வைத்திருக்க வல்லவர் ஏறிய விலைக்கு விற்கிறார். அன்றன்றே விற்றால்தான் அடுப்பு எரியும் என்னும் நிலையிலுள்ளவர் இறங்கிய விலைக்கு விற்கிறார். கூலி பெறுபவருக்கோ விற்கவே ஒன்றும் இல்லை. ஒரே அளம், ஒரே உப்பு. காத்திருக்க வல்லவர், வல்லாதவர் என்னும் வேறுபாடே செல்வத்தையும் வறுமையையும் பிரிக்கிறது. வேபர் தந்த வாழ்க்கை வாய்ப்பு என்னும் சொல்லுக்கு மரக்காணத்தில் பொருள் தேடினால், காத்திருக்கும் ஆற்றல் என்றே விடை வரும்.

மழை எல்லார்க்கும் ஒன்றா?

1986-இல் செர்மானியச் சமூகவியலாளர் உல்ரிச் பெக் புதியதொரு வாதத்தை முன்வைத்தார். பழைய சமூகம் செல்வத்தைப் பங்கிடுவதில் சண்டையிட்டது. புதிய சமூகம் ஆபத்தைப் பங்கிடுவதில் சண்டையிடும் என்றார். செல்வத்துக்கு அடுத்து ஆபத்தையும் பங்கீட்டுப் பொருளாகக் கண்டது பெரும் திறப்பு. உப்பளத்துக்கு மிக இன்றியமையாத பார்வை இதுவே. ஆனால் அவர் அடுத்த அடியில் சறுக்கினார். வறுமை மேல்கீழ் பார்க்கும். நச்சுப் புகையோ பாகுபாடின்றி எல்லாரையும் தாக்கும் என்ற கருத்துப்பட எழுதினார்.

மரக்காணத்து மழை அவரை மறுக்கிறது. மழை எல்லார் மீதும் பெய்கிறது என்பது உண்மைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இக்கடற்கரை முழுவதும் வெள்ளம் சூழ்ந்தது. வானம் எவர்க்கும் சலுகை காட்டவில்லை. ஆனால் மழை விட்டபின் எழுதப்படும் கணக்கில் எல்லாரும் சமமல்லர். இருப்பு வைத்திருப்பவருக்கு நீண்ட மழை விலையேற்றமாக வருகிறது. பொட்டலமிட்டு விற்கும் நிறுவனத்துக்கு அது ஒரு தடங்கலே; குஜராத்திலிருந்து ரயிலில் உப்பை வரவழைத்துக்கொள்ள முடியும். நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கும் மேல் விளைவது அங்கேதான். சிறு அளக்காரருக்கு அம்மழை கடனாக மாறுகிறது. கூலிக்காரருக்கோ பட்டினியாக மாறுகிறது. ஒரே மழை ஒருவருக்கு இலாபமாகவும் மற்றவருக்குப் பசியாகவும் மாறுவதற்கு இடையில் இயங்கும் பொறி எதுவோ, அதுவே நம் நாட்டு ஏற்றத்தாழ்வின் பொறி.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும். நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதை 1998-இல் மத்திய அரசு தடை செய்தது. 2000-இல் தடையை நீக்கியது. 2005-இல் மீண்டும் கொணர்ந்தது. கழலை நோயையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவையும் தடுக்கும் நல்நோக்கம் அதில் உண்டு. அதை மறுப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் அயோடின் சேர்க்கும் ஆலையும் பொட்டலமிடும் எந்திரமும் யாரிடம் இருந்தனவோ அவரிடமே உப்பின் மதிப்பு போய்ச் சேர்ந்தது. இன்று பெயர்பெற்ற நிறுவனத்தின் ஒரு கிலோப் பொட்டலம் 20 ரூபாய்க்கு மேல் விற்கிறது. அவ்விலையில் அளத்து மேட்டுக்கு வந்து சேர்வது மிகச் சிறு பகுதி. நன்மையின் பயனை எல்லாரும் பெற்றோம். அதன் செலவைச் சிறியவர்கள் சுமந்தார்கள். இங்கும் கேட்கப்படாத வினா ஒன்றே: இம்மாற்றத்தால் வரும் இழப்பை யார் தாங்குவது?

உழைப்பாளரைப் பிரிக்கும் சுவர்

ஒரே இழப்பைச் சுமப்போர் ஏன் ஒன்றுசேரவில்லை? மேற்கத்திய அறிஞர் எவரும் இதற்கு முழு விடை தர இயலாது. விடை தந்தவர் அம்பேத்கர். 1936-இல் வெளியான 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரித்துவிட்டது என்று அவர் விளக்கினார். படிநிலைச் சமமின்மை என்று அவர் கூறியதன் ஆழம் இதுதான்: கீழ்ப்படியில் நிற்பவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலை அது தந்துவிடுகிறது. அந்த ஆறுதலே ஒற்றுமைக்குப் பகை.

மரக்காணம் வட்டாரத்தில் பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்ட உழவர், மீனவர் எனப் பல சமூகத்தாரும் உடலுழைப்பையே நம்பி வாழ்கின்றனர். வெயிலும் மழையும் அவர்களுக்கு ஒன்றே. எனினும் 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சாதிச் சங்க விழாவுக்கு வாகனங்கள் சென்றுகொண்டிருந்த வேளையில், மரக்காணத்தில் மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. உயிரிழப்பும் நேர்ந்தது. கூலி உயர்வுக்காக ஒருபோதும் கூடாத அளவு கூட்டம் சாதிக்காகக் கூடுகிறது என்பதே அந்நாள் சொன்ன பாடம். மற்றவரைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சுவர் எழுப்பிய கிறித்தவ ஊர்கள் தமிழகத்தில் உண்டு. ஒரே கிண்ணத்தில் பங்குபெறுவோர் ஒரே மண்ணில் புதைக்கப்பட மறுத்தால், அவர்கள் ஒரே சங்கத்தில் உறுப்பினராவது எப்போது?

கோட்பாடுகள் காணாமல் விட்ட மற்றொருவர் பெண். இதை நாவலாசிரியர் ஒருவரே நமக்குக் காட்ட வேண்டியிருந்தது. இராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை நேரில் கண்டு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-இல் வெளிவந்தது. தூத்துக்குடியின் அளங்கள் மரக்காணத்தைவிட மிகப் பெரியவை. அங்குள்ள நிறுவனங்களும் பெரியவை. ஆயினும் அந்நாவல் சொல்லும் அடிப்படை இங்கும் பொருந்தும். கூலிப் பட்டியலில் பெண்ணின் பெயர் கடைசியில் வருகிறது. கடன் பட்டியலில் முதலில் வருகிறது. கண்காணிப்பவனின் பார்வைக்கும் அவளே தப்ப வேண்டியிருக்கிறது. அளத்திலிருந்து திரும்பியபின் குடிநீர் தேடிச் செல்லும் இரண்டாம் வேலையும் அவளுடையதே. இழப்பு குடும்பத்துக்குள் நுழைந்தபின் அங்கும் அது சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மழைக்கால அடுப்பில் கடைசியாகத் தட்டேந்துபவர் யார் என்று கேட்டால் போதும். அந்நாவலின் நடையில் செய்தித்தன்மை மிகுந்துவிட்டது என்பாரும் உளர். இருக்கலாம். ஆனால் வர்க்கம் பற்றிய பல நூல்களில் இல்லாத பசியின் வரிசை அதில் இருக்கிறது.

நம் போதனையும் இவ்வரப்பில்

பிறர் கோட்பாடுகளை நிறுத்திய இடத்தில் நம்முடையதையும் நிறுத்துவதே நேர்மை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளி தன்மானத்தோடு வாழப் போதிய கூலியை நீதியின் கடமையென்று அறிவித்தது. உடன்பாட்டினால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது என்று சொன்ன துணிவு அதற்கு உண்டு. ஆயினும் அதன் கண்முன் நின்றவர் ஐரோப்பிய ஆலைத் தொழிலாளி; அவருக்கு முதலாளி உண்டு, ஆலை வாயில் உண்டு, ஆண்டு முழுதும் வேலை உண்டு. ஒன்பது மாத வேலையும் மூன்று மாத மழையும் கொண்டவருக்கு நியாயக் கூலியை எப்படிக் கணக்கிடுவது? வேலை செய்த நாளுக்கு மட்டும் என்றால், வேலையற்ற நாளில் அவர் மனிதர் அல்லர் என்றாகிவிடும்.

இக்குறையை ஓரளவு நிறைத்தவர் புனித இரண்டாம் யோவான் பவுல். 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' மடலில் மறைமுக முதலாளி என்னும் கருத்தை அவர் தந்தார். கூலியைக் கையில் கொடுப்பவர் மட்டுமன்று, அக்கூலியை முடிவு செய்யும் அரசும் சட்டமும் வணிக அமைப்பும் பொறுப்பாளிகளே என்பது அதன் சாரம். நிலத்தைக் குத்தகைக்கு விடும் அரசும், விலையை முடிவு செய்யும் வணிகரும் இதனுள் அடங்குவர். விலை மலிவை மட்டும் பார்த்து வாங்கும் நாமும் தப்ப இயலாது. மரக்காணத்துக்கு மிகப் பொருந்தும் சொல் இது. ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. எல்லாரும் மறைமுக முதலாளி எனில் எவரும் முன்வந்து பொறுப்பேற்க மாட்டார். அரசு வணிகரைக் காட்டும். வணிகர் சந்தையைக் காட்டுவார். சந்தை நம்மைக் காட்டும். நாமோ உண்டியலில் போட்ட காசைக் காட்டுவோம். பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்காத போதனை மனச்சான்றைத் தொடும். கூலிப் பட்டியலைத் தொடாது.

எஞ்சி நிற்கும் ஓர் அளவுகோல்

இத்தனை கோட்பாடுகளையும் அளத்தில் நிறுத்திப் பார்த்தபின் எஞ்சுவது யாது? எதையும் முழுதாகத் தள்ள வேண்டியதில்லை. உடைமையை மார்க்ஸும், சந்தை நிலையை வேபரும், ஆபத்தின் பங்கீட்டைப் பெக்கும், உழைப்பாளரின் பிளவை அம்பேத்கரும் காட்டினர். இவற்றை ஒருங்கே பிணைக்கும் அளவுகோல் ஒன்றை உப்பளம் நமக்குக் கற்பிக்கிறது. ஒரு தொழிலில் இலாபத்தை யார் பெறுகிறார் என்று கேட்பது பாதி வினா. இழப்பு வரும்போது அது யாரிடம் போய் நிற்கிறது என்பதே மறுபாதி. விலையை முடிவு செய்வதில் யாருக்குக் குரல் இல்லையோ அவரிடமே இழப்பு போய்த் தங்குமாயின், அங்கே வருமான அட்டவணை எதைக் காட்டினாலும் அநீதி இருக்கிறது என்று அறியலாம். அந்தச் சிறு அளக்காரரின் வினாவுக்கும் இதுவே விடை. அவரை முதலாளி என்றோ கூலிக்காரர் என்றோ எழுத வேண்டியதில்லை. மழையின் இழப்பைத் தனியே சுமப்போர் என்னும் பட்டியலில், தாம் கூலிக்கு அழைத்த நால்வருக்கு ஒரு படி மேலே, அவர் பெயரையும் எழுத வேண்டும்.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டால் அரசின் திட்டங்களையும் நாம் நிதானமாக எடைபோடலாம். உப்பு உற்பத்தி இல்லாத மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. இதனைச் சிலர் இலவசம் என்று இகழ்வர். அது தவறு. மழையின் இழப்பில் ஒரு பங்கைப் பொதுச் சமூகம் ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டிருக்கிறது. கொள்கையளவில் அது பெரிது. அளவிலோ சிறிது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாயைப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 ரூபாய். அடுப்பெரிக்கவும் அது போதாது. எனவே கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. குறைந்தபட்சக் கூலி உரிமை உப்பளத் தொழிலாளருக்கும் உண்டு; அவ்வுரிமை அளத்து வரப்பு வரை வர வேண்டும். நிலம் அரசினுடையது ஆதலால், தொழிலாளரின் கூலியும் குடிநீரும் நிழற்கூரையும் குத்தகை நிபந்தனைகளாகவே எழுதப்பட வேண்டும். சிறு அளக்காரர் தம் உப்பை மழைக்காலம் வரை காத்து வைக்கக் கூட்டுறவுக் கிடங்குகள் வேண்டும். காத்திருக்கும் ஆற்றலைச் செல்வரின் தனியுரிமையாக விட்டுவைக்கலாகாது. பயிருக்குக் காப்பீடு உள்ள நாட்டில் உப்புக்கும் அது ஏன் இருக்கக்கூடாது என்பதும் நியாயமான கேள்வியே.

இவை எல்லாம் அரசு செய்ய வேண்டியவை என்று நாம் ஏட்டை மூடிவிட இயலாது. நம் பங்குகளிலும் கூலி கொடுப்போர் உளர், கட்டுமானம் நடக்கிறது, பள்ளிகளில் ஆயாக்களும் காவலரும் பணியாற்றுகின்றனர். விடுமுறை மாதங்களில் அவர்களுக்குச் சம்பளம் உண்டா? வேலையில் அடிபட்டால் செலவு யாருடையது? கட்டடப் பணி மழையால் நின்ற நாளின் கூலி யார் கணக்கில் எழுதப்படுகிறது? இவ்வினாக்களை அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் எழுப்பினால், வர்க்கம் பற்றிய கோட்பாடு எதுவும் தெரியாமலேயே நாம் வர்க்கம் பற்றிப் பேசத் தொடங்கியிருப்போம். நெல்லுக்கு நேராக உப்பை அளந்த மண்ணில் அப்பேச்சு புதுமையானதன்று. நெடுநாள் விட்டுப்போன கணக்கை மீண்டும் எடுத்துப் பார்ப்பதே.